ஈசானி மூலைத் தண்ணீர்

எங்கள் நகரில் யாராவது வீடு கட்டப் போகிறார்கள் என்றால் அந்தச் செய்தி முதலில் எனக்குத்தான் வரும். கொத்தனாரைப் பார்ப்பதற்கு முன்னால், வங்கிக்கு நடப்பதற்கு முன்னால், என் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு வந்து, ஒரு டம்ளர் காபி குடித்து, ஊர்க்கதை பேசி, கிளம்பும்போது குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "டீச்சர், பேஸ்மட்டம் எவ்ளோ ஏத்தலாம்?"

நான் அண்ணாமலை நகர் பல்கலைக்கழகத்தில் நில அளவைப் பாடம் நடத்துகிறேன். அளவை தெரிந்தவள் தெருவிலேயே குடியிருக்கும்போது கேட்காமல் போவார்களா? குரலைத் தாழ்த்துவதற்குக் காரணம் வேறு. பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழுந்தால் அவர் அதைவிட ஒரு செங்கல் கூட வைத்துக் கட்டிவிடுவார். எங்கள் தெருவில் முதலில் கட்டிய வீடு பள்ளத்தில் கிடக்கிறது. கடைசியாகக் கட்டிய வீட்டுக்குள் போக மூட்டு வலி இல்லாதவராக இருக்க வேண்டும். நடுவில் உள்ளவை எல்லாம் கட்டிய வரிசைப்படி உயர்ந்துகொண்டே போகும். எந்த வீடு முந்தியது, எது பிந்தியது என்று தெரிந்துகொள்ளப் பத்திரம் பார்க்க வேண்டாம், வாசல் படிகளைப் பார்த்தால் போதும்.

சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போகிற சாலையில் கொஞ்ச தூரம் வந்து உள்ளே திரும்பினால் எங்கள் நகர். முன்பு நெல் விளைந்த நிலம். மனை பிரித்தவர் மண் கொட்டி, கல் நட்டு, நுழைவில் ஒரு வளைவு கட்டி, அதற்கு ஒரு பூவின் பெயரையும் வைத்துவிட்டுப் போனார். பூச்செடி எதுவும் வைக்கவில்லை.

இந்தப் பக்கத்து நிலம் ஏமாற்றுகிற நிலம். என் ஆராய்ச்சியே அந்த ஏமாற்று வேலையைப் பற்றித்தான். மலைப் பக்கத்தில் தண்ணீருக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. இங்கே எல்லாம் ஒரே மட்டம் மாதிரி தெரியும். மேடு என்று நாம் நினைத்த இடம் பள்ளமாக இருக்கும். ஒரு தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒரு சாண் வித்தியாசம் இருந்தாலே அதிகம். அந்த ஒரு சாணுக்குள்தான் தண்ணீர் போகுமா, நின்று நாறுமா என்பது இருக்கிறது. கண்ணால் பார்த்துச் சொல்கிறேன் என்று யாராவது வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கருவியால் பார்ப்பது பெரிய வித்தையில்லை. முக்காலியின் மேல் லெவல் கருவியை நிறுத்த வேண்டும். எதிரே ஒருவர் அளவுகோலை நேராகப் பிடித்து நிற்க வேண்டும். அதில் தெரிகிற எண்ணைப் படிக்க வேண்டும். அந்த அளவுகோலை நாங்கள் ஸ்டாஃப் என்போம். ஆளைவிட உயரமானது. பிடித்திருக்கிறவர் அசைந்தால் எண் தப்பிவிடும். வகுப்பில் செல்போன் மணி அடித்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன், ஸ்டாஃப் ஆடினால் பொறுக்க மாட்டேன். மாணவர்கள் எனக்கு 'ஆடாதே மேடம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தனை அளந்தும் என் சொந்தத் தெருவை நான் அளந்ததில்லை. அளக்க வைத்தது வடகிழக்கு மூலையில் இருந்த ஒரு காலி மனை. அதன் சொந்தக்காரி பரங்கிப்பேட்டைப் பெண். கணவர் சவுதியில் வேலை பார்க்கிறார். அவளும் மாமியாரும் எங்கள் தெருவிலேயே ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தார்கள். சொந்த வீட்டைப் பக்கத்தில் இருந்து கட்டலாம் என்று வந்தவர்கள், இன்னும் வாடகையிலேயே இருந்தார்கள்.

அந்த மனைக்கு அவர்கள் கூடுதல் விலை கொடுத்திருந்தார்கள். ஈசானி மூலை மனை, அதிர்ஷ்டம், அள்ளிக் கொடுக்கும் என்று மனை விற்றவர் சொல்லியிருக்கிறார். "எங்களுக்கு வாஸ்து கீஸ்தெல்லாம் கெடயாதுக்கா. ஆனா அதுக்குண்டான காசு மட்டும் ஒழுங்கா வாங்கிட்டாங்க" என்று அவள் சொல்லிச் சிரித்தாள். முதல் தடவை சொன்னபோது நானும் சிரித்தேன்.

பிறகு சிரிக்கிற மாதிரி இல்லை. ஈசானி மூலை தாழ்ந்திருக்க வேண்டும், வீட்டுத் தண்ணீர் அந்தப் பக்கம்தான் ஓட வேண்டும் என்பது வாஸ்து. எங்கள் தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் அதைக் கடைப்பிடித்தார்கள். ஒவ்வொரு வீட்டு முற்றமும் வடகிழக்காகச் சரிந்தது. தெருச் சாக்கடையையும் அதே திசையில் வாட்டம் கொடுத்துக் கட்டிக்கொண்டார்கள். வடக்கே ஒரு வாய்க்கால் ஓடுகிறது, தண்ணீர் எப்படியும் அதில் போய் விழுந்துவிடும் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. விழவில்லை. குளித்த தண்ணீர், துவைத்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் வரிசையாக வந்து, அதிர்ஷ்ட மனையில் தேங்கி, கறுத்து, கொசு வளர்த்தது. மற்றவர்கள் எல்லாம் மண் கொட்டி உயர்த்திக்கொண்டுவிட்டதால் காலி மனைதான் தெருவிலேயே தாழ்வு.

மனை வாங்கிய புதிதில், தரை காய்ந்திருந்தபோது, அவள் அங்கே முளைக்குச்சி அடித்து நூல் கட்டி அறைகளைப் பிரித்து வைத்திருந்தாள். சமையலறைக்கு மட்டும் நூல் போதாது என்று நான்கு பக்கமும் செங்கல் அடுக்கினாள். பரங்கிப்பேட்டையில் கூட்டுக் குடும்பத்து வீட்டில் நாத்தனார், ஓரகத்தி, பெரிய மாமி என்று எல்லோருக்கும் பொதுவான சமையல்கட்டில், அடுப்பு காலியாகிற வரைக்கும் காத்திருந்து சமைத்தவள் அவள். "எனக்குன்னு ஒரு கிச்சன்க்கா. நானா ஒரு டப்பாவ வச்சா, மறுநாள் அது அங்கயே இருக்கணும்" என்பாள். அவள் ஆசை மொத்தமும் அவ்வளவுதான்.

ஆவணியில் ஒரு நாள் சாயங்காலம் வந்தாள். காபி வேண்டாம் என்றாள். உட்காரவும் இல்லை.

"மச்சான் ஐப்பசி கடசில வர்றாங்கக்கா. நேத்து வீடியோ கால்ல எடத்த காட்டச் சொன்னாங்க. மறைக்க முடியுமா? காட்டுனேன். பாத்துட்டு, வித்துடலாம்னுட்டாங்க. புரோக்கர்ட்டயும் பேசிட்டாங்களாம். நாங்க திரும்ப பரங்கிப்பேட்டைக்கே போயிடுறதாம்."

"நீ என்ன சொன்ன?"

"என்னாத்த சொல்றது. தண்ணி கெடக்குதே. வர்றதுக்குள்ள காஞ்சிருந்தா, வர்றப்ப காட்டி, கட்டுங்க மச்சான்னு சொல்லலாம்." பிறகு, யாரோ மூன்றாவது ஆளைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டாள்: "அந்தத் தண்ணி போவுமாக்கா?"

அளக்காமல் எதுவும் சொல்வதில்லை என்று பெருமையடித்துக்கொள்கிறவள் நான். அன்றைக்கு அளக்காமலே "போகும்" என்று சொல்லிவிட்டேன். அவள் போன பிறகு எனக்கே பயமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே என் ஆராய்ச்சி மாணவி கருவிகளோடு வந்து இறங்கினாள். நெல்லிக்குப்பத்துக் கரும்பு விவசாயி வீட்டுப் பெண். வயல் வரப்பில் நடந்து பழகியவள், ஸ்டாஃப் பிடித்தால் கல் நட்டது மாதிரி நிற்பாள். ட்ரோனும் கொண்டு வந்திருந்தாள். அது பறந்தபோது மாடியில் வடாம் காய வைத்திருந்த அம்மா ஒருவர், காக்காய்க்கு வைத்திருந்த கம்பை எடுத்துக்கொண்டு அதையும் விரட்டப் பார்த்தார். மற்றபடி வானத்து வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. தெருவில் லெவல் எடுக்கிற வேலைதான் நாள் முழுக்க இழுத்தது, ஏனென்றால் தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

வேடிக்கை பார்த்தவர்களில் முக்கியமானவர் எதிர் வீட்டு மாமா. அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் நகர் நலச் சங்கத்துத் தலைவர், தெருவில் முதல் வீடு கட்டியவர். நாங்கள் எண்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வாசலில் வந்த எண் மற்ற வாசல்களைவிடப் பெரியது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நான்கு பேருக்குக் கேட்கும்படி சொன்னார்.

"பாத்தீங்களா, எங்க வூட்டுக்குத்தான் நெம்பர் ஜாஸ்தி. மொதல்லயே நான் யோசிச்சுக் கட்டுனேன்."

சொல்லாமல் விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. "மாமா, கருவி நிக்கிற ஒசரம் மாறாது. தரை கீழ போகப் போக ஸ்டாஃப்ல எண் மேல ஏறும். நெம்பர் ஜாஸ்தின்னா பள்ளம்."

மாமா கருவியை ஒரு தடவை சுற்றி வந்தார். பிறகு என் அருகில் வந்து குரலைத் தாழ்த்தி, "அப்ப பக்கத்து வூட்டுக்கு எவ்ளோ வந்துச்சு?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்கு அவரைவிடச் சின்ன எண். நான் நிஜத்தைச் சொன்னேன். அன்று மாலை வரை அவர் வெளியே வரவில்லை.

படம் வரைந்து பார்த்தபோது விஷயம் பட்டென்று விளங்கியது. வடக்கே ஓடுவது பாசன வாய்க்கால். வயலுக்குத் தண்ணீர் கொடுக்கிற வாய்க்கால் மேட்டில்தான் ஓடும், இல்லாவிட்டால் வயலுக்குள் எப்படி இறங்கும்? வயலில் மிஞ்சிய தண்ணீரை வாங்கிக்கொள்கிற வடிகால் தெற்கே, எங்கள் வீட்டுக்குப் பின்புறமாக ஓடுகிறது. அதுதான் பள்ளம். நெல் விளைந்த காலத்தில் இந்த நிலத்துத் தண்ணீர் வடக்கே நுழைந்து தெற்கே வெளியேறியிருக்கிறது. நாங்கள் குடிவந்து, வந்த வழியிலேயே அதைத் திரும்பிப் போகச் சொல்லியிருக்கிறோம். தெருவில் பாதிப் பேர் வயல் வைத்திருக்கிற குடும்பங்கள்தான். வயலில் இறங்கினால் இது அவர்களுக்கு மனப்பாடம். வீடு கட்டும்போது மட்டும் வாஸ்துப் புத்தகத்தைக் கையில் எடுத்துவிடுகிறார்கள்.

ஆக, சாக்கடையைத் திருப்பித் தெற்கே வாட்டம் கொடுத்தால் தண்ணீர் போய்விடும். ஒரு சாண் வாட்டம்தான் கிடைக்கும், நான்கு விரல் தப்பினாலும் நடுவில் நின்றுவிடும். ஆனால் போகும். அவளிடம் உளறிய வார்த்தை பலித்துவிட்டது என்று தெரிந்தபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. மாணவிக்கு இரண்டு தோசை அதிகமாகச் சுட்டுப் போட்டேன்.

சங்கக் கூட்டம் மாமா வீட்டு ஹாலில் நடந்தது. படத்தைச் சுவரில் ஒட்டினேன். மேடு சிவப்பு, பள்ளம் நீலம். எல்லோரும் முதலில் அவரவர் வீட்டு நிறத்தைப் பார்த்தார்கள், அடுத்து பக்கத்து வீட்டு நிறத்தைப் பார்த்தார்கள். அப்புறம்தான் நான் பேசுவதற்குக் காது கொடுத்தார்கள்.

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "ஈசானியத்துலேர்ந்து தண்ணிய தெக்க திருப்புறதாவது. குடும்பத்துக்கு ஆவாது. நானே வச்ச வாட்டத்த நானே மாத்துனா எம் பிள்ளைங்க என்னய கேப்பாங்க."

அறிவியல் பேசி ஜெயிக்கலாம் என்று போயிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அது நடக்காது என்று தெரிந்துவிட்டது. அவர் பிடிவாதத்தில் பயமும் இருந்தது. வேலை கிடைக்காத மகனும் கல்யாணம் தள்ளிப்போகிற மகளும் உள்ள வீடு. அதில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"மாமா, உங்க காம்பவுண்டுக்குள்ள ஒரு கல்லக்கூட நவுத்த வேணாம். வீட்டுத் தண்ணி ஈசானி மூலைக்கே போகட்டும், அங்கேர்ந்தே வெளிய வரட்டும். கேட்டுக்கு வெளிய வந்தப்புறம் அது தெருத் தண்ணி. தெருவுக்கு ஏது வாஸ்து?"

ஹாலில் யாரோ சிரித்தார்கள். மாமா யோசித்தார். "வூட்டுக்குள்ள மாத்தம் இல்லியே?" என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார். இல்லை என்றேன். வேலை தொடங்குகிற நாளை அவர்தான் குறித்துத் தருவார் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.

அடுத்த தடை சாக்கடைத் தண்ணீரின் தரம். அந்த வடிகால் நேரே போய்ப் பிச்சாவரத்துக் கழிமுகத்தில் சேர்கிறது. அங்கே சதுப்புக்காட்டு வேர்களுக்கு நடுவில் இறால் பிடித்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் அழுக்கை ஒரு மனையிலிருந்து எடுத்து அவர்கள் தலையில் கொட்டுவதற்கு நான் படித்திருக்க வேண்டியதில்லை. மாணவி தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்தாள். சோப்பு, எண்ணெய் என்று எதிர்பார்த்தது இருந்தது. எதிர்பார்க்காததும் இருந்தது. யாரோ செப்டிக் டேங்க் வழிகிற குழாயையும் ரகசியமாகச் சாக்கடையில் சேர்த்திருக்கிறார்கள். யார் என்று மூக்கை வைத்தே கண்டுபிடித்திருக்கலாம். நான் பெயர் எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாக்கடையை முழுக்கத் திறந்து எல்லோர் முன்னிலையிலும் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சங்கத்து வாட்ஸப்பில் போட்டேன். சனிக்கிழமை இரண்டு வீடுகளில் பிளம்பர் வேலை மும்முரமாக நடந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சுத்தமாக இருந்தது.

மற்ற அழுக்குக்கு வழி என் கையில் இருந்தது. ஒரு தொட்டியில் தண்ணீரைத் தேக்கி மண்டியை அடியில் தங்கவிட்டு, பிறகு ஜல்லி நிரப்பிய நீளமான பாத்தி வழியாக மெதுவாக விட வேண்டும். பாத்தியில் கல்வாழையும் கோரையும் நட வேண்டும். வேர்களும் அங்கே குடியேறுகிற நுண்ணுயிர்களும் அழுக்கைத் தின்றுவிடும். வளாகத்தில் விடுதிக்குப் பின்னால் இப்படி ஒரு பாத்தி வைத்து நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊராட்சியில் கேட்டபோது, செய்துகொள்ளுங்கள் என்று எழுதியே கொடுத்தார்கள்.

பாத்தி எங்கே வரும்? தண்ணீர் வெளியேறுகிற தெற்கு முனையில். தெற்கு முனையில் யார் வீடு? எங்கள் வீடு.

என் வீட்டுக்காரருக்குக் கடலூரில் வேலை. காலையில் ரயிலைப் பிடித்துப் போய் இருட்டுவதற்கு முன் திரும்பிவிடுவார். அமைதியான மனுஷர், இரண்டு விஷயத்தைத் தவிர. ஒன்று சாம்பாரில் வெல்லம், அது கட்டாயம் வேண்டும். இன்னொன்று எங்கள் வாசலில் கார் ஏறுவதற்காக அவர் போட்ட சரிவு. தெருவில் எல்லோரும் சாக்கடையின் மேல் சரிவு போட்டிருந்தார்கள். அவர் மட்டும் அதற்கு டைல்ஸ் பதித்து, இரண்டு ஓரமும் வளைத்து, ஞாயிறுதோறும் பிரஷ் போட்டுக் கழுவுவார். கார் வாங்குவதற்கு முன்பே சரிவு வந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாக்கடை ஆழமாக வேண்டுமானால் எல்லாச் சரிவையும் உடைக்க வேண்டும். வடிகால் வேலையைத் தண்ணீர் வெளியேறுகிற முனையிலிருந்துதான் தொடங்க முடியும். எனவே முதலில் உடைபட வேண்டியது எங்களுடையது. ஆழமும் எங்கள் வாசலில்தான் அதிகம்.

"ஊருத் தண்ணி எல்லாம் நம்ம வாசல் வழியா போவணுமா?" என்றார்.

"ஆமா."

"நாத்தம் வராதா?"

"வராதுன்னு எழுதிக் குடுக்க முடியாது. பாத்தி ஒழுங்கா வேலை செஞ்சா வராது."

"செய்யலன்னா?"

"நான்தான மொதல்ல மோந்து பாப்பேன். வீடு என்னோடதும்தான?"

அவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராக விரித்துக்கொண்டார். சண்டை என்றால் எங்கள் வீட்டில் அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்கச் சாம்பாரில் வெல்லம் போட்டேன், பலன் இல்லை. தெருவில் மற்றவர்கள் எல்லாம் எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் வீட்டுச் சரிவு உடையட்டும், பிறகு பார்ப்போம் என்று ஒவ்வொருவரும் மற்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். புரட்டாசியும் பிறந்துவிட்டது. மாடிப் போர்ஷனிலிருந்து அவள் தினம் எட்டிப் பார்ப்பாள், எதுவும் கேட்க மாட்டாள். கேட்டிருந்தால் எரிந்து விழுந்தாவது என் பாரத்தைக் குறைத்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் வீட்டுக்காரர் ரயிலடியிலிருந்து நேரே வீட்டுக்கு வரவில்லை. தெரு முனைவரை நடந்து போய்விட்டு வந்தார். கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தவர் சட்டையைக் கழற்றாமல் நின்றார்.

"அந்தப் பொண்ணு அங்க சமையக்கட்டுக்குச் செங்கல் வச்சிருக்கா. தண்ணிக்கு மேல தெரியுது. ஒரு செங்கல் மேல தவள உக்காந்துருக்கு."

"தெரியும்" என்றேன்.

"எனக்குத் தெரியாது" என்றார். டீயைக் குடித்து முடித்தார். பிறகு, "பாத்தில செவப்புக் கல்வாழ வையி. மஞ்ச வேணாம், வாடுனாப்புல இருக்கும்" என்றார். மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, உடைக்கிற ஆளை அவரே அழைத்து வந்தார். முதல் அடி விழுந்தபோது மட்டும் உள்ளே போய் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார். எனக்கு அந்த மனுஷரைக் கட்டிக்கொண்டதில் இருந்த சந்தோஷம் அன்றைக்கு மாதிரி என்றைக்கும் இருந்ததில்லை.

எங்கள் சரிவு போனதும் மற்றவை வரிசையாகப் போயின. மாமா குறித்துக் கொடுத்த நல்ல நேரத்தில் ஈசானி முனையில் அவர் கையாலேயே ஒரு மண்வெட்டி மண் அள்ளிப் போட்டார். உண்மையான வேலை தெற்கு முனையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கும் அது தெரியும், எங்களுக்கும் தெரியும்.  தினம் காலையில் வகுப்புக்குப் போவதற்கு முன்னும் வந்த பின்னும் லெவல் பார்த்தேன். கொத்தனார் என்னைப் பார்த்தாலே பீடியைக் கீழே போட்டுவிடுவார். ஒரு இடத்தில் மூன்று விரல் ஏறியிருந்தது. உடைத்துத் திரும்பப் போடச் சொன்னேன். அவர் முணுமுணுத்ததை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

காலி மனையில் நின்ற தண்ணீரை மோட்டார் வைத்துப் பாத்திக்கு இறைத்தோம். செங்கற்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தவளை எங்கே போனது என்று வீட்டுக்காரர் கேட்டார்.

ஐப்பசி நடுவில் பெரிய மழை பிடித்தது. அதுதான் பரீட்சை. குடையோடு தெருவில் இறங்கியபோது எனக்கு முன்னால் பாதித் தெரு இறங்கி நின்றது. தண்ணீர் முதலில் தயங்கியது. இத்தனை நாள் வடக்கே போய்ப் பழகியது திரும்ப மறுக்கிறதோ என்றுகூடத் தோன்றியது. பார்த்தால் நடுவில் ஒரு தேங்காய் மட்டை அடைத்துக்கொண்டிருந்தது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதைக் குனிந்து இழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு தண்ணீர் செம்மண் நிறத்தில், வேகமாக, தெற்கே போனது. எங்கள் வாசலைக் கடந்து, தொட்டியில் சுழன்று, கல்வாழைக்கு அடியில் புகுந்து, வடிகாலில் விழுந்தது. மழை விட்ட மறுநாள் மனையில் ஈரம் இருந்தது, குட்டை இல்லை. மாடிப் போர்ஷன் ஜன்னலில் அவள் நின்று கையை மட்டும் காட்டினாள்.

ஐப்பசி கடைசியில் அவள் கணவர் வந்து இறங்கினார். மறுநாள் காலை மனைக்கு வந்தார்கள். கைலி கட்டியிருந்தார், வெயிலில் கறுத்த முகம், அதிகம் பேசாத ஆள். அவள் இரண்டடி பின்னால். மாமியார் குடை பிடித்துக்கொண்டு ஓரமாக. எல்லோருக்கும் பின்னால் மோட்டார் பைக்கில் புரோக்கர்.  வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு அங்கேயே நின்றேன். எதிர் வீட்டு மாமாவும் வந்து நின்றார்.

"ஈசானி மன சார்," என்றார் புரோக்கர். "இப்ப தண்ணியும் இல்ல. சொன்ன வெலைக்கு மேலயே போவும். இந்த வாரமே முடிச்சுடலாம்."

நாங்கள் காய வைத்ததே அவருக்கு வசதியாகப் போய்விட்டது. அது எனக்கு அந்த நிமிஷம் வரை தோன்றவே இல்லை. அவளைப் பார்த்தேன். அவள் செங்கலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கணவர் மனைக்குள் நடந்தார். கால் புதையவில்லை. குதிகாலால் தரையை அழுத்திப் பார்த்தார். "மழ பெஞ்சுதா இங்க?" என்று கேட்டார். போன வாரம் முழுக்கப் பெய்தது என்று மாமா சொன்னார். அவர் சாக்கடையோரம் குந்தி உட்கார்ந்து தண்ணீர் போவதைப் பார்த்தார். பிறகு அது போகிற வழியிலேயே நடக்கத் தொடங்கினார். நாங்களும் பின்னால் போனோம். எங்கள் வாசலில் வீட்டுக்காரர் கல்வாழைக்குக் காய்ந்த இலை கிள்ளிக்கொண்டிருந்தார். கேட்காமலே விளக்கம் தொடங்கினார். தொட்டி எதற்கு, ஜல்லி எதற்கு, சிவப்பு எதற்கு. தானே கண்டுபிடித்த மாதிரி சொன்னார். நான் குறுக்கிடவில்லை. அவள் கணவர் குனிந்து, பாத்தியிலிருந்து வடிகாலுக்குப் போகிற தண்ணீரைக் கையில் ஏந்தி மோந்து பார்த்தார்.

நிமிர்ந்து என் பக்கம் வந்தார். பைக்கோடு நின்ற புரோக்கரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். பேஸ்மட்டம் எவ்ளோ ஏத்தலாம்?"

 "அளக்காம சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கருவியை எடுத்து வந்தேன். புரோக்கர் பைக்கைத் திருப்பிக்கொண்டு போனார்.

மனையில் முக்காலியை நிறுத்தினேன். ஸ்டாஃபை வீட்டுக்காரரிடம் கொடுக்கப் போனேன். "நான் புடிக்கிறேன்க்கா" என்று அவள் வாங்கிக்கொண்டாள். நேராகப் போய்ச் செங்கல் அடுக்கிய சதுரத்துக்குள் நின்றாள்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, ஈசானி மூலையில சமையக்கட்டா? அக்கினி மூல இருக்குதே அதுக்கு."

"ஒங்க எல்லார் வூட்டுப் பாத்திரம் கழுவுன தண்ணியும் இவ்ளோ நாளா இங்கதான் மாமா கெடந்துச்சு," என்றாள் அவள், மரியாதையாக. "நான் ஏதாச்சும் கேட்டேனா?"

 மாமாவே முதலில் சிரித்தார். ஓரத்தில் நின்ற மாமியார் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

நான் கருவியில் கண்ணை வைத்தேன். எண் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். கருவியில் கோளாறு இல்லை. ஸ்டாஃப் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள், அப்படியும் அதன் நுனி நடுங்கியது. அவள் தோள் குலுங்கியதால் அது நடுங்கியது. அவள் கணவர் ஒரு எட்டு முன்னால் வைத்தவர், செங்கலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

"ஆடுதாக்கா?" என்று கேட்டாள், முகத்தைத் துடைக்கக் கை இல்லாமல்.

"ஆடட்டும்," என்றேன். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."